பெர்லிஸ் யுனிமேப் முன்பு வெறும் கல்லூரிதானா? அது உருவான விதம்

பட்டர்வொர்த்தைச் சேர்ந்த தந்தை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். தம் மகளுக்கு யு.பி.யு. எனப்படும் அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறை வழியாகப் பெர்லிஸ் மாநிலத்தில் உள்ள யுனிமேப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் நெருங்கிய உறவினர் ஒருவர், "அது முன்பு சாதாரணக் கல்லூரியாக இருந்தது, பெயரை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகம் என்கிறார்கள்" என்று சொல்லிக் குடும்பத்தையே கலங்க வைத்துவிட்டார். அந்தப் பல்கலைக்கழகம் உண்மையில் எப்போது, எதற்காகத் தொடங்கப்பட்டது, இத்தனை தொழிற்சாலைகள் உள்ள பினாங்கை விட்டு ஏன் பெர்லிசுக்குப் போனது என்பவையே அவருடைய கேள்விகள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு அருகில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், யுனிமேப்பிலிருந்து வந்த பயிற்சி மாணவர்கள் சிலருக்கு மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாள்களைச் சொல்லிவிடுகிறேன். மலேசிய அமைச்சரவை 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நிறுவனத்தைத் தொடங்க ஒப்புதல் அளித்தது. 2002 ஜூன் மாதத்தில், நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பொறியியல் மாணவர்களைக் கொண்டு முதல் வகுப்புகள் தொடங்கின. அப்போது அதன் பெயர் 'கோலெஜ் யூனிவர்சிட்டி கெஜூருத்தராஆன் உத்தாரா மலேசியா'. தமிழில் சொன்னால் மலேசிய வடபுலப் பொறியியல் பல்கலைக்கழகக் கல்லூரி. சுருக்கமாகக் 'குகும்' என்பார்கள். 2007 பிப்ரவரியில்தான் அது மலேசிய பெர்லிஸ் பல்கலைக்கழகம், அதாவது யுனிமேப், ஆயிற்று. ஆகவே உங்கள் உறவினர் சொன்னதில் பெயர் மாறியது உண்மை. 'சாதாரணக் கல்லூரி' என்று அவர் சேர்த்துக்கொண்டதுதான் தவறு.

அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. 'பல்கலைக்கழகக் கல்லூரி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது, வேறொரு பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்காக மாணவர்களைத் தயார்படுத்தும் கல்லூரி. ஆங்கிலேயர் காலத்துக் குடியேற்ற நாடுகளில் அந்த வழக்கம் இருந்தது. லண்டன் பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும், உள்ளூரில் பாடம் நடக்கும். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் நிலை அதுவன்று. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம், அதாவது நாம் 'ஆவ்க்கு' என்று செய்திகளில் கேட்கும் அதே சட்டம், இந்த இரண்டு வகை நிறுவனங்களுக்கும் தனித்தனியே இடம் வகுத்திருக்கிறது. இரண்டுமே மாமன்னரின் ஆணையால் நிறுவப்பட்டு அரசிதழில் வெளியிடப்படுபவை. குகும் இளங்கலைப் பொறியியல் பட்டத்துக்கே மாணவர்களைச் சேர்த்துப் படிக்க வைத்தது. மாணவர் அரசியலைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றே ஆவ்க்குவைப் பலர் அறிந்திருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்குவதும் அதே சட்டம்தான் என்பது பேச்சில் வருவதில்லை. முதல் மாணவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்த 2002ஆம் ஆண்டில் மாமன்னராக இருந்தவர் பெர்லிஸ் ராஜா என்பதும் ஒரு சுவையான பொருத்தம்.

இனி, ஏன் அந்த நேரத்தில் என்ற கேள்வி. யுனிமேப்பைத் தனியாக வைத்துப் பார்த்தால் இது விளங்காது. அதன் உடன்பிறப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜொகூரின் பத்து பகாட்டில் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாக 1993இல் தொடங்கிய நிறுவனம், 2000 செப்டம்பரில் துன் ஹுசேன் ஓன் பெயரிலான தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மலாக்காவில் ஒன்று வந்தது. 2002 பிப்ரவரியில் பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் இன்னொன்று. அதே 2002ஆம் ஆண்டின் நடுவில் பெர்லிஸ். தெற்கு, மேற்கு, கிழக்கு, வடக்கு என்று இரண்டே ஆண்டுகளில் நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரிகளை அரசாங்கம் நிறுவியது தற்செயலாக நடந்திருக்க முடியாது.

அதற்குச் சற்று முன்புதான் 1997, 1998 ஆண்டுகளின் நிதி நெருக்கடி வந்து போயிருந்தது. அமெரிக்க டாலர் ஒன்றுக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்த நிலை மாறி, 1998இன் தொடக்கத்தில் நான்கு ரிங்கிட்டையும் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் அதை 3.80 என்று நிலைநிறுத்தியது. அதுவரை பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பொறியியல் படிக்க அரசாங்கச் செலவில் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த முறை, அந்த விலையில் தாங்கக்கூடியதாக இல்லை. வெளிநாடு போவோர் எண்ணிக்கை குறைந்தால், உள்நாட்டில் இடம் வேண்டும். தொழில்நுட்பக் கல்வியைப் பொறுத்தவரை நாட்டில் மூத்தது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கோலாலம்பூரில் 1904இல் திரீச்சர் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கி, தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து, 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975 ஏப்ரலில் இன்றைய பெயரைப் பெற்ற அந்த ஒரு நிறுவனத்தையும், பழைய பல்கலைக்கழகங்களின் பொறியியல் துறைகளையும் மட்டும் நம்பி நாட்டின் தேவையை நிறைவேற்ற இயலாது என்று அரசாங்கம் முடிவு செய்தது. புதிய நான்கும் செய்முறைக்கு முதலிடம் தர வேண்டும், தொழிற்சாலைக்குள் போனவுடன் கைவைத்து வேலை செய்யக்கூடிய பொறியாளர்களை உருவாக்க வேண்டும் என்பது அவற்றுக்கு இடப்பட்ட கட்டளை.

வடக்குப் பகுதிக்கு என்ன தேவை இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுக நிலையை 1969 வாக்கில் இழந்தபோது, இத்தீவில் வேலையில்லாதவர்கள் வீதிக்கு வீதி இருந்தார்கள். அந்த ஆண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் ஆட்சியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டு, 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்களைத் தொடக்க கால 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் மூத்தவர்கள் குறிப்பிடுவார்கள். அன்று அந்தத் தொழிற்சாலைகள் கேட்டது கூர்மையான கண்ணும் நடுங்காத விரல்களும் கொண்ட இளம்பெண்களை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாக்டரி பஸ் ஏறி இரவு ஷிப்டுக்குப் போனது அந்தக் காலத்தில்தான். உருப்பெருக்கியின் வழியே பார்த்து நுண்சில்லுகளில் கம்பி பூட்டுவது அவர்களுடைய வேலை.

எண்பதுகளின் பிற்பகுதியில் அந்த வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. கம்பி பூட்டும் இயந்திரத்தை இயக்கவும், பழுது பார்க்கவும், அதற்கு நிரல் எழுதவும், விளைச்சல் விகிதம், அதாவது பழுதில்லாமல் தேறும் சில்லுகளின் பங்கு, ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்கவும் வேறு வகை ஆள் தேவைப்பட்டார். தொழிற்சாலைகளே ஒன்று சேர்ந்து 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியது இந்த நெருக்கடியால்தான். அடுத்து 1996இல் கெடாவின் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபோது, ஏற்கெனவே ஒருவர் ஆளை ஒருவர் பறித்துக்கொண்டிருந்த எங்களுக்கு இன்னொரு போட்டி வந்தது. சம்பளத்தை இருநூறு ரிங்கிட் உயர்த்திக் கேட்டு, கிடைக்காவிட்டால் சாலையின் எதிர்ப்பக்கத்துத் தொழிற்சாலைக்கு மாறிப் போன பொறியாளர்களை நான் எண்ணி முடிக்க முடியாது. ஒரு முறை எங்கள் பிரிவில் மூன்று மாதத்தில் நான்கு பேர் அப்படிப் போனார்கள்.

அப்படியானால் பினாங்கிலேயே ஒரு பொறியியல் பல்கலைக்கழகத்தைக் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். இதற்குப் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.எம்.) வரலாறு ஓரளவு விடை தருகிறது. பினாங்குக்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் 1962இலேயே தீர்மானம் போட்டது. 1967 ஆகஸ்டில் துங்கு அப்துல் ரஹ்மான் சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டினார். ஆனால் 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கியது அந்த அடிக்கல் இருந்த இடத்தில் இல்லை; குளுகோரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடத்தில். 1971இல் பிரிட்டிஷ் இராணுவம் விட்டுச் சென்ற மிண்டன் பாசறைக்கு அது இடம்பெயர்ந்தது. அங்கே வளர்ந்த பொறியியல் பிரிவோ அதைவிட அலைந்தது: எண்பதுகளின் நடுவில் ஈப்போவுக்கும், 1989இல் பேராக்கின் துரோனோ அருகிலுள்ள ஸ்ரீ இஸ்கண்டாருக்கும் போய், 2001இல்தான் பினாங்கு மாநிலத்துக்குத் திரும்பி நிபோங் திபாலில் நிலைகொண்டது. தேதிகளைக் கவனியுங்கள். அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் தெற்குச் செபராங் பிறைக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டில்தான் குகுமுக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. பினாங்குக்குப் பொறியியல் வளாகம் ஒன்று கைக்கு வந்துவிட்ட நிலையில், இன்னொன்றை இங்கேயே வைப்பதற்கு யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள்.

கெடாவில் ஏற்கெனவே 1984இல் தொடங்கப்பட்ட வடமலேசியப் பல்கலைக்கழகம் இருந்தது; அது நிர்வாகக் கல்விக்கானது. பெர்லிசிலோ, ஆராவில் மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கிளை ஒன்று எழுபதுகளிலிருந்து இருந்தாலும், மாநிலத்துக்கென்று முழுமையான பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. சுமார் 820 சதுர கிலோமீட்டர் பரப்பு மட்டுமே கொண்ட, நெல்லும் கரும்பும் மாம்பழமும் மீனுமாக வாழ்ந்த நாட்டின் மிகச் சிறிய மாநிலத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்பது பெரிய வரவு. மாநிலத்துக்கு ஒன்று என்று பங்கிட்டுக் கொடுக்கும் அரசியல் கணக்கும் இதில் இருந்தது என்பது என் கருத்து. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விலை இருந்தது. தொழிற்சாலைகள் இருக்கும் இடம் ஒன்று, பொறியாளர்களை வளர்க்கும் இடம் வேறொன்று என்று ஆகிவிட்டதால், தொழிற்பயிற்சிக்காக அந்த மாணவர்கள் பினாங்குக்கோ கூலிமுக்கோ வந்து அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது.

தொடங்கிய விதமும் எளிமையானதுதான். உலு பாவில் நிரந்தர வளாகத்துக்கான நிலம் இருந்தாலும், அது எழும்பும்வரை காத்திருக்கவில்லை. பெர்லிஸ் முழுவதும் கிடைத்த கட்டடங்களில் பரவி உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கங்காரில் ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் ஒரு தளத்தில் நிர்வாகம். ஜெஜாவியில், கங்காருக்கும் ஆராவுக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில், ஒரு கல்வி வளாகம். கணினி, தொடர்புப் பொறியியல் பிரிவுக்கோ கோலா பெர்லிசில் ஒரு குடியிருப்பின் கடைவீடுகள். அந்தக் குடியிருப்புக்குத் தாமான் செபராங் ஜெயா என்று பெயர். நம் பிறை அருகே உள்ள செபராங் ஜெயா என்று நினைத்துக்கொண்டு ஒரு நண்பர் என்னிடம், "இங்கேயே கிளை வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. லங்காவிக்குப் படகு ஏறும் ஊரில், கீழே கடைகள் இருக்க வேண்டிய வரிசையில், கணினிப் பொறியியல் ஆய்வுக்கூடம் இயங்கியதைப் பார்த்தவர்கள்தாம் 'இது என்ன பல்கலைக்கழகம்' என்று முகம் சுளித்திருப்பார்கள். உங்கள் உறவினரின் எண்ணமும் அந்தக் காலத்துக் காட்சி ஒன்றிலிருந்து வந்திருக்கக்கூடும்.

ஆனால் இரவல் கட்டடத்தில் தொடங்குவது நம் நாட்டில் விதிவிலக்கே இல்லை. அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சொன்னேன். வடமலேசியப் பல்கலைக்கழகமும் சிந்தோக் காட்டுக்குள் குடிபோவதற்கு முன் ஜித்ராவில் தற்காலிக வளாகத்தில்தான் சில ஆண்டுகள் இருந்தது. மலாக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆயர் குரோவில் இருந்து தொடங்கியது. கட்டடத்தின் உயரத்தைவிட, உள்ளே எந்த இயந்திரத்தை முதலில் வாங்கி வைத்தார்கள் என்று பார்ப்பது பொறியியல் கல்விக்கு நல்ல அளவுகோல். அந்த வகையில் குகும் செய்த ஒரு காரியம் எங்களைப் போன்றவர்களின் கவனத்தை ஈர்த்தது. நுண்மின்னணுவியல் மாணவர்களுக்காகவே, சிலிக்கான் வில்லைகளில் சில்லுகளை உருவாக்கும் படிகளைப் பயிற்றுவிக்கும், தூசி படாத தூய்மை அறை ஒன்றை அமைத்தார்கள். தலை முதல் பாதம்வரை மூடிய வெள்ளை உடுப்புடன் மாணவர் ஒருவர் அதற்குள் போய், ஒளியுணரும் பசையைப் பூசி, வடிவத்தைப் பதித்து, அரித்தெடுத்து, தான் செய்த சாதனத்தைத் தானே அளந்து பார்ப்பது என்பது, பாடப்புத்தகத்தில் குறுக்குவெட்டுப் படத்தை மட்டும் வரைந்துவிட்டு வேலைக்கு வந்த எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத வாய்ப்பு.

பெயர் மாற்றத்துக்கு முந்தைய ஆண்டுகளில் எங்கள் பிரிவுக்குத் தொழிற்பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியை இங்கே சொல்ல வேண்டும். அப்போது ஒரு கம்பி பூட்டும் இயந்திரம் ஓயாமல் நின்று நின்று தொல்லை கொடுத்தது. மனிதத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி, சில்லின் மேல் ஒட்டாமல் எழும்பி வந்துவிடும், இயந்திரம் அலறும், தொழில்நுட்பர் கம்பியை ஒட்டவைக்கும் மீயொலி ஆற்றலைக் கொஞ்சம் கூட்டுவார், பத்து நிமிடம் ஓடும், மறுபடியும் நிற்கும். இரண்டு நாளாக இதையே செய்துகொண்டிருந்தோம். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "இந்தக் கேப்பிலரி எத்தனை முறை பூட்டியிருக்கிறது, சார்?" என்று கேட்டார். கம்பி நுழைந்து வரும் பீங்கான் முனைக்குத்தான் கேப்பிலரி என்று பெயர்; இத்தனை இலட்சம் பூட்டலுக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்று கணக்கு உண்டு. திரையில் எண் சரியாகத்தான் இருந்தது. "எண்ணை யாராவது தவறுதலாகச் சுழியமாக்கியிருப்பார்களோ" என்றார். கழற்றி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், முனையைச் சுற்றி அழுக்கு ஏறி விளிம்பே மழுங்கிப் போயிருந்தது. புதியதைப் போட்டோம், கூட்டி வைத்த ஆற்றலை எல்லாம் பழைய அளவுக்குக் குறைத்தோம், அன்று மாலைவரை இயந்திரம் நிற்கவில்லை. எல்லா மாணவரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எழுத்தில் தடுமாறியவர்களும், அறிக்கை எழுதச் சொன்னால் ஒளிந்துகொண்டவர்களும் வந்தார்கள். ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க அஞ்சாத பழக்கம் அங்கிருந்து வந்த பலரிடம் இருந்தது.

2006 அக்டோபரில் பகாங் நிறுவனமும், 2007 பிப்ரவரியில் பெர்லிஸ், மலாக்கா, பத்து பகாட் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களாகப் பெயர் பெற்றன. இதில் எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. பழைய பெயரில் 'பொறியியல்' என்ற சொல்லும் 'வடக்கு' என்ற சொல்லும் இருந்தன. நிறுவனம் எதற்காக, யாருக்காக என்பது பெயரிலேயே தெரிந்தது. மலாக்காவும் பத்து பகாட்டும் தங்கள் பெயரில் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டன. பெர்லிசும் பகாங்கும் அப்போது மாநிலப் பெயரோடு நின்றுவிட்டன. அதனால்தான் யுனிமேப் ஒரு பொறியியல் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது என்பதை இன்று தனியாக விளக்க வேண்டியிருக்கிறது. பெயர் மாறினாலும் நால்வரும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றைவிட முக்கியமான இரண்டு செய்திகள் இருக்கின்றன. மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பு நாடானது. ஆகவே மலேசியப் பொறியாளர் வாரியத்தின் கீழ் இயங்கும் பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்றுக்கொண்ட பட்டப்படிப்பு, உடன்பாட்டில் உள்ள மற்ற நாடுகளிலும் ஈடானதாக மதிக்கப்படும். அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. மலாயாப் பல்கலைக்கழகமானாலும் யுனிமேப்பானாலும் இதே விதிதான். வாரியத்தின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் மகளின் படிப்புப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, இடம் கிடைத்ததாக வந்த கடிதத்தில் 'பொறியியல்' என்று இருக்கிறதா, 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று இருக்கிறதா என்பது. யுனிமேப்பில் இரண்டு வகைப் பட்டங்களும் உண்டு. முதல் வகையில் படித்து முடிப்பவர் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, பின்னர் தொழில்முறைப் பொறியாளர் தகுதிக்குப் போகலாம். இரண்டாவது வகையில் படித்து முடிப்பவர், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பர் வாரியத்தில் பதியலாம். தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை இருக்கிறது, இருவரையும் நான் பணியில் சேர்த்திருக்கிறேன். ஆனால் கட்டட வரைபடத்திலும் மின்னமைப்புத் திட்டத்திலும் கையெழுத்திடும் உரிமை நாளைக்கு வேண்டும் என்றால் அது முதல் பாதையில்தான் கிடைக்கும். ஒரே பெயர் போலத் தோன்றுவதால் பெற்றோர் பலர் இதைச் சேர்ந்த பிறகே கவனிக்கிறார்கள்.

போக்குவரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பட்டர்வொர்த் நிலையத்தில் பாடாங் பெசார் கொமுட்டர் ஏறினால் மாறாமல் ஆராவில் இறங்கலாம். முதன்மை வளாகமான பாவ் புத்ராவுக்கு அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். நாட்டிலேயே மிக அதிக வெப்பம் பதிவானது பெர்லிசின் சூப்பிங்கில், 1998 ஏப்ரலில், 40.1 டிகிரி. எனவே மகளின் பெட்டியில் ஒரு மேசை மின்விசிறிக்கு இடம் வைத்துவிடுங்கள்.